மாமன் மடிக்கு ஓர் அச்சு

மாப்ள,

இன்று காலை பேரையூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தவறிப்போன தங்கள் அப்பாவின் சிலையை வாங்கிப்போக வந்தவர்கள். அவர் உடுத்திய வெள்ளைச் சட்டையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஜவுளிக்கடைப் பையில் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்கள். சிலைக்கு அதை மாட்டினேன். தோளில் பிடித்தது. பொத்தானை இழுத்துத்தான் போட வேண்டியிருந்தது.

மூத்த மகன் குழம்பிப்போய், "எங்கப்பாவுக்கு இந்தச் சட்டை தொளதொளன்னுல்ல இருக்கும்" என்றார்.

"சிலைன்னா அப்படித்தாண்ணே. சதை மாதிரி அமுங்காதுல்ல" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு சட்டையைக் கழற்றி, முதுகுத் தையலைப் பிரித்து, ஒரு துண்டுத் துணியை ஒட்டுக்கொடுத்துத் தைத்து மாட்டிவிட்டேன். முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அந்தத் தோள் அவர்கள் அப்பாவுடையது இல்லை, உன்னுடையது என்று அவர்களிடம் சொல்லவா முடியும்?

"அப்பாவப் பாத்துத் தூக்குங்கடா, கை இடிக்குது" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏற்றினார்கள். போய்விட்டார்கள். ஷெட்டில் சிலை வார்க்கிற ரெசின் வாடை மட்டும் இருந்தது. நீ அச்சுக்கு உட்காருகிற மர நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. பசித்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

உனக்கு எழுத்தென்றாலே ஆகாது. கல்யாணப் பத்திரிகையில்கூட மண்டபத்தின் பேரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைப்பவன் நீ. இருந்தாலும் எழுதுகிறேன். பேசுவதற்கு வேறு ஆள் இல்லை என்பதைவிட, பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றும் இருக்காது. அதைப் பார்த்து அவர்கள் சங்கடப்படுவார்கள்.

உசிலம்பட்டிக்கு மேற்கே நம் ஊரில், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத பயல் என்று எனக்குப் பேர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காத பயல் என்று உனக்குப் பேர். நான் எதையாவது செய்வேன், நீ அதை ஊரெல்லாம் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவாய். ஒரு தடவை துணி சோப்பில் எருமை செதுக்கிக் கொடுத்தேன். அதைக் குளியலறை மாடத்தில் அலங்காரமாக வைத்தாய். உங்கம்மா எடுத்து இரண்டு தடவை துணி துவைக்க, எருமை கன்றுக்குட்டியாகிவிட்டது. அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு, கன்றுக்குட்டியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். "இதுதாண்டா அந்த எருமையோட பிள்ளை" என்று சொன்னாயாம். எனக்கு இதை யாரோ பிறகு சொன்னார்கள்.

உனக்கு ஓர் ஆணி ஒழுங்காக அடிக்க வராது. ஆனால் செய்கிறவனைப் பார்த்தால் உனக்கு ஒரு பெருமை. உன் கை செய்ததைப் போல அலட்டுவாய். அது எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. ஆளில்லாத கடையில் டீ ஆற்றுவதைவிட, கூவி விற்க ஒருவன் இருந்தது எத்தனை பெரிய விஷயம் என்று பின்னால்தான் தெரிந்தது.

நான் ஐ.டி.ஐ. முடித்துக் கப்பலூரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். நீ கடன் வாங்கி ஒரு லோடு வண்டி வாங்கினாய். நான் மாலாவைக் கட்டி ஆனையூரில் வாடகை வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து களிமண்ணில் தலைகள் செய்வேன். டவுன் பஸ்ஸில் பார்த்த முகங்கள், டீக்கடைக்காரர், கம்பெனி வாட்ச்மேன். செய்து, பார்த்து, கலைத்து, மறுபடி பிசைந்து வைத்துவிடுவேன். எதற்குச் செய்கிறோம் என்ற கேள்வியே இல்லாமல் செய்த காலம் அது. அப்போது சந்தோஷமாக இருந்தேன் என்று நினைக்கிறேன். அப்போது அதற்கு அப்படிப் பேர் வைக்கவில்லை.

ஒரு நாள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, மாலா கொடுத்த தண்ணீரைக்கூட வாங்காமல் பின்பக்கம் வந்தாய்.

"மாப்ள, இன்னைக்கு ஒரு சிலையை ஏத்திட்டுப் போனேன்யா. கல்யாணப் பொண்ணோட செத்துப்போன அப்பா. மூக்கு சரியில்ல, காது சரியில்ல, மனுசன் மாதிரியே இல்ல. ஆனா அந்தப் பொண்ணு அதைக் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு பாரு! ஒண்ணுமில்லாத சிலைக்கே அம்புட்டு அழுகைன்னா, நீ செஞ்சா?"

"நான் ஆசைக்குச் செய்யிறவன். அது தொழிலு."

"ஆசைக்குச் செஞ்சதெல்லாம் போதும்யா. இனிமே அடுத்தவுக ஆசைக்குச் செய்யி."

இந்தப் பேச்சு நடக்கும்போதே, உசிலம்பட்டியில் ஒரு வீட்டுக்கு நான் செய்து தருவதாக நீ வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாய். அதை மறுநாள்தான் சொன்னாய். மாலா கத்தினாள். "மாசச் சம்பளத்த விட்டுட்டுச் செத்தவுக மூஞ்சியச் செய்யப் போறீகளாக்கும்? இந்த வீட்டுல நான் எப்படிக் கண்ண மூடுறது?"

நீ அசரவில்லை. "தங்கச்சி, உயிரோட இருக்கிறவுகளே நமக்கு ஒண்ணும் செய்யக் காணோம். செத்தவுக என்ன செஞ்சிருவாக?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவளால் அப்புறம் மறுக்க முடியவில்லை. என் தொழில் அந்தச் சிரிப்பில்தான் தொடங்கியது.

முகம் எனக்கு வந்தது. போட்டோவைப் பார்த்துக் களிமண்ணில் பிடித்துவிட்டேன். உடம்புதான் வரவில்லை. ஆள் உயரத்துக்கு உடம்பைக் களிமண்ணில் எடுப்பது வேறு வேலை. நாளும் நெருங்கியது. நான் விழித்துக்கொண்டு நின்றபோது நீ சட்டையைக் கழற்றினாய். "உடம்புக்கு எதுக்குய்யா மெனக்கெடுற? இந்தா இருக்குல்ல."

உன் மேலெல்லாம் எண்ணெய் தடவி, கை கால் உடைந்தால் போடுகிற மாவுக்கட்டுத் துணியை நனைத்து நனைத்து ஒட்டினேன். மாவு இறுகும்போது சூடு ஏறும். அசையக் கூடாது. உனக்கா அசையாமல் இருக்க முடியும்? மூக்கு அரிக்கிறது என்பாய், மாலாவைக் கூப்பிட்டுச் சொறிந்துவிடச் சொல்லட்டுமா என்றால் "ஐயோ வேணாம், அரிக்கல" என்பாய். பிரித்தெடுக்கும்போது நெஞ்சு முடி பாதி அதோடு வந்துவிட்டது. "ஆத்தாடி!" என்று நீ போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். கைகளுக்குப் பல் டாக்டர்கள் அச்செடுக்கிற பவுடரை வாங்கி வந்து கரைத்தோம். அதில் ரேகைகூட விழும்.

இப்படித்தான் உன் உடம்பு தொழிலுக்கு வந்தது. "மூஞ்சி அவுகளோடது, மத்ததெல்லாம் நம்மளோடது" என்று நீயே ஒரு கணக்குச் சொன்னாய். குட்டையானவர் என்றால் காலைக் குறைப்பேன், வயிறு உள்ளவர் என்றால் கூட்டுவேன். தோளும் கையும் நீதான். பெண்களுக்கு மட்டும் தனியாகச் செய்தேன். உன் இடது கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருக்கும், வண்டிக் கதவில் நசுங்கியது. அதுவும் அச்சில் விழுந்து, எல்லாக் கைகளிலும் போனது. முதலில் ஒரு வீட்டில் கேட்டார்கள், "எங்கய்யாவுக்கு நகம் இப்படி இருக்காதே" என்று. நான் பயந்துவிட்டேன். அடுத்த வருஷம் அவர்களே இன்னொரு குடும்பத்தை அழைத்துவந்து, "எங்கய்யாவோட நகம் பொளந்திருக்கும், அதைக்கூட விடாமச் செஞ்சிருக்காருங்க" என்று எனக்குச் சான்று சொன்னார்கள். அன்று நாம் இரண்டு பேரும் ஷெட்டுக்குள் ஓடிப்போய்ச் சிரித்தோம். மேற்கே எத்தனையோ வீடுகளில் இப்போது அப்பாக்களுக்கும் மாமன்களுக்கும் உன் நகம் இருக்கிறது.

கம்பெனி வேலையை விட்டேன். ஷெட் வாடகைக்கு எடுத்தோம். போர்டில் என் பேரை எழுதச் சொல்லிவிட்டு, கீழே உன் போன் நம்பரைப் போட்டாய். பேசுவது உன் வேலை, செய்வது என் வேலை.

பிறகு காது குத்துகள் வர ஆரம்பித்தன. நம் பக்கத்தில் மாமன் மடி இல்லாமல் காது குத்து உண்டா? மாமன் இறந்துபோன வீடுகளில், அவன் சிலையின் மடியிலாவது பிள்ளையை வைத்துக் குத்த வேண்டும் என்று வந்தார்கள். முதல் சிலையை நான் நன்றாகத்தான் செய்தேன். நிமிர்ந்த முதுகு, முழங்காலில் கை, கம்பீரமாக உட்கார்ந்த மாமன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். எண்ணெயில் வழுக்கினாற்போல் வேட்டியோடு சேர்ந்து சறுக்கிக் கீழே வந்துவிட்டது. அத்தைக்காரி ஒருத்தி பாய்ந்து பிடித்தாள். கடைசியில் ஒருவர் சிலையைப் பின்னாலிருந்து தாங்க, ஒருவர் பிள்ளையைத் தாங்க, ஒருவழியாகக் குத்தி முடித்தார்கள்.

வண்டியில் திரும்பி வந்தோம். நீதான் சொன்னாய். "தப்பு ஒன்மேலதான் மாப்ள. போட்டோவுக்கு உக்காந்தவனைச் செஞ்சிருக்க. பிள்ளையை வாங்க உக்காந்தவன் அப்படியா இருப்பான்?"

மறுநாள் மடிக்கு அச்செடுத்தோம். மடியில் கனம் இருந்தால்தான் தொடை சரியாக அமுங்கும் என்று நீ ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தாய். அது மாவையெல்லாம் மிதித்துவிட்டு ஓடியது. அப்புறம் நல்ல கனமான ஒரு பரங்கிக்காயைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தேன். நீ அதை இடது கையால் அணைத்தாய். ஒரு முழங்கால் தானாகக் கொஞ்சம் உயர்ந்தது. முதுகு முன்னால் வளைந்தது. ஆள் மாறிவிட்டாய். பரங்கிக்காயின் தலையைத் தட்டிக்கொண்டே, "செல்வி பிள்ளைக்கு இது ஒத்திகைடா" என்றாய்.

டீ கொண்டுவந்த மாலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் தங்கை செல்விக்குக் கல்யாணமாகி எவ்வளவோ வருஷமாகியும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்துகொண்டிருந்தாள். உங்கம்மா போன பிறகு அவளுக்கு எல்லாம் நீதான். அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், அப்புறம் என் கல்யாணத்தைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போனவன் நீ. ஒத்திகை என்றதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். மாவு இறுகும்வரை அப்படியே குனிந்து பரங்கிக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்று மட்டும் மூக்கு அரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூடச் சறுக்கவில்லை. சிலையை நீயே ஏற்றிக்கொண்டு போவாய், கறிச்சோறு சாப்பிடும்வரை இருந்துவிட்டு வருவாய். அங்கிருந்தே போன் செய்வாய். "மாப்ள, என் மடியில ஒரு பயபுள்ள ஒண்ணுக்குப் போயிட்டான்டா." யாரோ வீட்டுப் பிள்ளை, யாரோ ஒரு மாமன் முகம், மடி மட்டும் உன்னுடையது. உனக்கு அதில் அத்தனை சந்தோஷம்.

என் பக்கம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் சிலை மேல் போட்ட துணியை விலக்கும்போது குடும்பம் அழும், நானும் அழுவேன். கொஞ்ச காலம் போனதும் அவர்கள் அழும்போது நான் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட் சரியாக ஏறியிருக்கிறதா என்று. பின்பு ஓரமாக நின்று, அழுது முடிக்கட்டும், கண்ணீர் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்கப் பழகினேன். நீ ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாய்.

"அழுகுறத நிப்பாட்டிட்ட மாப்ள. தொழில் வந்துருச்சு."

பாராட்டாகச் சொன்னாயா, குறையாகச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

செல்விக்குப் பெண் பிறந்தாள். நீ அந்தச் செய்தியோடு ஷெட்டுக்கு வந்த கோலம் இருக்கிறதே! வண்டியை அணைக்காமலே இறங்கி வந்துவிட்டாய். சீர் எப்படிக் கொண்டுபோவது, மேளம் எங்கே சொல்வது, கிடா எங்கே பிடிப்பது என்று ஒரே பேச்சு. நான் விளையாட்டாக, "மடி வேணும்னா சொல்லு, தள்ளுபடியில செஞ்சு தாரேன்" என்றேன்.

"போடா. ஃபைபரெல்லாம் ஊருக்கு. என் மருமகளுக்கு ஒரிஜினல்."

அவள் குப்புற விழப் பழகிய நாட்களில் நீ போய்விட்டாய். மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவன், நெஞ்சை அடைக்கிறது என்று வண்டிப் படியில் உட்கார்ந்தாயாம். ஆஸ்பத்திரி போகிற வழியிலேயே முடிந்துவிட்டதாம். எல்லாம் 'ஆம்' தான். நான் வந்தபோது நீ கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாய்.

ஊரே கத்தி அழுதது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, உன் காது மடலுக்கும் தாடைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்த்தேன். மேலுதட்டில் இத்தனை மெல்லிய பள்ளம் இருந்ததை இதுவரை கவனிக்கவில்லையே என்று நினைத்தேன். அழுகிற இடத்தில் நின்று அளந்துகொண்டிருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. கண் தானாக அந்த வேலையைச் செய்தது. "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதுவும் சரிதான் என்று தோன்றியது. சுடுகாட்டுக்கு வந்தேன், குளித்தேன், மூன்றாம் நாள் ஷெட்டைத் திறந்தேன்.

பிள்ளைக்கு ஒரு வயது நிறைந்ததும் செல்வி ஷெட்டுக்கு வந்தாள். இடுப்பில் உன் மருமகள். உன் நெற்றி அப்படியே இருக்கிறது அவளுக்கு.

"அண்ணே, காது குத்து வச்சிருக்கோம். பெரியப்பா மகன் ஒருத்தர் மடியில வச்சுக்கலாம்னு வீட்டுல சொல்றாக. எனக்கு மனசு வரல. எங்கண்ணனைச் செஞ்சு குடுங்க."

நான் என்ன கேட்டேன் தெரியுமா? "என்னைக்கு விசேஷம்? சட்டை வெள்ளையா, கலரா?" என்று கேட்டேன். யார் வந்தாலும் நான் கேட்கிற கேள்விகள் அவை. செல்வி என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு தேதியைச் சொன்னாள். வெள்ளை என்றாள்.

தோள், கை, மடி எல்லாம் அலமாரியில் இருந்தன. எடுத்து ஊற்ற வேண்டியதுதான். முதன்முதலாக ஓர் உடம்பை நான் எங்கேயும் குறைக்கவோ கூட்டவோ இல்லை. முகம் மட்டும் செய்ய வேண்டும். போனில் உன் படங்களைத் தேடினேன். நூற்றுக்கணக்கில் இருந்தன. முன்னால், பின்னால், பக்கவாட்டில், கை தனியாக, தோள் தனியாக. எல்லாமே கழுத்தோடு நின்றன. முகம் வேறொருவருடையதுதானே, எதற்கு என்று நான்தான் அப்படி எடுத்திருந்தேன். இத்தனை வருஷம் என் முன்னால் உட்கார்ந்தவனின் முகம் என்னிடம் ஒரு படத்திலும் இல்லை.

செல்வியின் கல்யாண ஆல்பத்தை வாங்கிவந்தேன். அதில் நீ எங்கும் நிற்கவில்லை. சமையல்காரரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய், இல்லை எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறாய். அதைப் பார்த்தும் ஞாபகத்திலிருந்தும் களிமண்ணில் பிடித்தேன். கலைத்தேன். மறுபடி பிடித்தேன்.

"அண்ணன் மாதிரியேதான இருக்கு?" என்றாள் மாலா.

"இல்ல."

"எதுல இல்ல?"

மூக்கு சரி, காது சரி. ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. ஆசைக்குச் செய்கிறவனாக இருந்திருந்தால் இன்னும் கலைத்துக்கொண்டே இருந்திருப்பேன். தொழில் என்பதால் தேதி வந்து கையைப் பிடித்து நிறுத்தியது. பெயின்ட் அடித்து, முடி வைத்து, வெள்ளைச் சட்டை மாட்டினேன். எங்கேயும் பிடிக்காமல், எங்கேயும் தொளதொளக்காமல் உட்கார்ந்தது.

செல்வி பார்க்க வந்தாள். முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. நேராக இடது கையிடம் போய், கட்டைவிரலைப் பிடித்துத் தடவினாள். அந்த நகத்தைத் தொட்டதும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் பிரஷ்ஷோடு நின்றேன். இடது புருவத்தில் இன்னொரு கோடு வேண்டும் என்று எனக்குப் பட்டது. அவள் போனதும் போட்டேன்.

குலதெய்வக் கோயிலில் விசேஷம். ஷாமியானா, மைக் செட், அந்தப் பக்கம் அடுப்பு. உன்னை நாற்காலியோடு நடுவில் உட்காரவைத்து மாலை போட்டோம். வந்தவர்கள் எல்லாம் "அச்சு அசல் அவனேதான்" என்றார்கள். ஒரு பெரியவர் உன் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, "பேசு மாப்ள, இம்புட்டு நேரம் நீ பேசாம இருந்ததில்லையே" என்றார். அதற்கும் சுற்றி நின்றவர்கள் அழுதார்கள். பெயின்ட்டில் திருநீறு ஒட்டினால் துடைப்பது கஷ்டம் என்று நான் நினைத்தேன்.

மொட்டையடித்து, சந்தனம் பூசி, உன் மருமகளைக் கொண்டுவந்தார்கள். உன் மடியில் வைத்தார்கள். சறுக்கவில்லை. அளவெடுத்தது போலப் போய் உட்கார்ந்துகொண்டு, உன் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அவளுடைய அப்பா கால்களைப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஒரு காதில் குத்தினார். ஒரு கணம் சத்தமில்லை. பிறகு வீறிட்டாள். அடுத்த காது. மைக்கில் ஒருவர் சீர் கொண்டுவந்தவர்கள் பேரை வாசித்துக்கொண்டே இருந்தார்.

அழுகிற பிள்ளையிடம் நம் பெண்கள் என்ன சொல்வார்கள்? அதைத்தான் அங்கே நின்ற ஓர் அத்தையும் சொன்னாள். "யாரு பிடிச்சா என் தங்கத்த? மாமனா பிடிச்சான்? அடி மாமனை! அடி!"

உன் மருமகள் கையை ஓங்கி உன் கன்னத்தில் ஒன்று வைத்தாள். டொக் என்றது.

சிலையை அச்சிலிருந்து இறக்கியதும் விரலால் தட்டிப் பார்ப்பது என் வழக்கம். உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் ஒரே சீராக ஊற்றியிருந்தால்தான் அந்தச் சத்தம் வரும். நல்ல வார்ப்பு என்று என் மனசு சொன்னது. அடுத்த நொடியில்தான் அது உன் கன்னம் என்று உறைத்தது.

அத்தைக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிள்ளை உன் முகத்தையே பார்த்தாள். அது சிரித்துக்கொண்டிருந்தது. நான்தான் சிரிக்கவைத்திருந்தேன். அவள் காத்திருந்தாள். பிள்ளை அடித்தால் மாமன் கத்த வேண்டும், அதுதானே விளையாட்டு. கத்தினால்தான் அழுகை நிற்கும். யாரும் கத்தவில்லை. அவள் உதடு மறுபடி பிதுங்கியது. மறுபடி கையை ஓங்கினாள். டொக்.

"ஐயோ! மாமனுக்கு வலிக்குதே!"

நாற்காலிக்குப் பின்னால் நின்ற நான்தான் கத்தினேன். யோசித்துச் செய்யவில்லை. உன் குரல் மாதிரியே கத்தினேன் என்று மாலா பிறகு சொன்னாள். பிள்ளை திகைத்தாள். கண்ணில் நீர் அப்படியே நிற்க, சந்தேகத்தோடு இன்னொரு அடி அடித்தாள்.

"ஆத்தாடி! கொன்னுட்டாளே என் மருமக!"

சிரித்துவிட்டாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருக்க, ரத்தம் துளிர்த்த காதோடு சிரித்தாள். அங்கே நின்றவர்களும் சிரித்தார்கள். அவள் இரண்டு கையாலும் அடித்தாள். நான் மறுபடி கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வந்தது விளையாட்டில்லை, மாப்ள. உன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் குந்திவிட்டேன். அதுவும் விளையாட்டில் சேர்த்தி என்று நினைத்து உன் மருமகள் மேலே இருந்து அடித்துக்கொண்டே இருந்தாள். நான் அலற அலற அவள் சிரித்தாள். செல்விதான் வந்து என் தோளைப் பிடித்தாள். "அழுகட்டும், விடுங்க" என்று மற்றவர்களிடம் சொன்னாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அடுத்த வாரம் வேலைக்கு வந்தேன், வழக்கம்போலத்தான் இருந்தது. குடும்பங்கள் வருகின்றன, அழுகின்றன, நான் புருவத்தைப் பார்க்கிறேன். உன் போன் நம்பரைப் போர்டிலிருந்து அழித்துவிட்டு என்னுடையதை எழுதியிருக்கிறேன். பேசுவதும் இப்போது நான்தான். சுமாராகப் பேசுகிறேன். முகத்தில் எது குறைந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. தொழிலை விட்டுவிடலாமா என்று மாலா ஒரு தடவை கேட்டாள். வேறென்ன தெரியும் என்றேன். களிமண்ணைத் தொட்டால் கை வேலை செய்கிறது. அது உள்ளவரை செய்ய வேண்டியதுதான்.

மாதம் ஒரு தடவை செல்வி வீட்டுக்குப் போகிறேன். கூடத்தில் உன்னை உட்காரவைத்திருக்கிறார்கள். உன் மருமகள் இப்போது நன்றாக நடக்கிறாள். நான் வாசலில் செருப்பைக் கழற்றுவதைப் பார்த்ததும், ஓடிப்போய் உன் மடியில் ஏறிக்கொள்கிறாள். உன் கன்னத்தில் பளாரென்று ஒன்று போடுகிறாள். போட்டுவிட்டு, உன்னைப் பார்ப்பதில்லை. திரும்பி என் வாயைப் பார்க்கிறாள்.

நான் கத்துகிறேன், மாப்ள.